பெட்டகத்துக்கு வார்னிஷ் பூசியது யார்

கிண்ணியா
06.02.2024

குணரத்தினம் ஓடாவியார் அவர்களுக்கு,

இறைவன் உதவியால் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை. போன கிழமை நான் உங்களிடம் செய்யக் கொடுத்த மரப் பெட்டகத்தைப் பற்றிக் கத்தக் கத்த, நீங்கள் உங்கள் மாடு கன்று போட்ட கதையைச் சொல்லி முடித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். இனி எழுத்துத்தான். என் தங்கச்சி மகன் முனீப் மீன் ஏற்ற லொறியோடு உங்கள் ஊருக்கு வருகிறவர்தானே. கடிதம் அவர் கையில் வரும், பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

பெட்டகத்தை முனீப் படம் எடுத்து வந்து காட்டினார். ஆணி இல்லாமல் மூலைகளைக் கோத்திருக்கிற விதத்தைப் பார்த்து என் பேத்தி பஸ்மியா வாயைப் பிளந்தாள். துறைமுகத்தில் உடைத்த வெள்ளைக்காரனின் பாய்க்கப்பல் பலகை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சீடர் மரம் என்று சொல்லி ஒரு துண்டு அனுப்பியிருந்தீர்களே, மோந்து பார்த்தேன். பென்சில் சீவின மணம். ஐந்தாம் வகுப்போடு நான் விட்ட மணம் அது.

இப்போது பூச்சு. எனக்கு உள்ளும் வெளியும் முகம் தெரிகிற மாதிரிப் பளபளக்க வேண்டும். நோன்புப் பெருநாள் கழிய பஸ்மியாவுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, பெண்ணுக்கு என்ன கொடுத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்கள். சம்பந்தி ஹுஸ்னியா மூதூரில் பெரிய இடம். அவர் மூடியைத் தூக்கும்போது நான் தலைகுனியக் கூடாது.

இன்னொரு நல்ல செய்தி. ஹுஸ்னியாவின் புருஷன் ஸைனுலாப்தீன் ஹாஜியார், வெளிநாட்டுக்காரர்களைத் துறைமுகம் சுற்றிக் காட்ட ஒரு மரப் படகு கட்ட ஆள் தேடுகிறார். நான் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். பெட்டகத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். ஆகவே பெட்டகம் எனக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் முகம்.

றஹ்மா


இலங்கைத்துறை
11.02.2024

றஹ்மா அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படகு விஷயத்தில் என் பெயரைச் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கட்டாரில் இருக்கிற என் மகன் இராகுலன், ஒரு நல்ல படகு வேலை கிடைத்தால் வந்து என்னோடு நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என் மனுசி போனில் இதைச் சொன்னதும் அங்கே வேலையை விடுவதாக அறிவித்துவிட்டான். அவசரக்காரன். இன்னும் உறுதி இல்லையடா என்றால் கேட்பதில்லை.

பெட்டகத்தின் வெளிப்பக்கத்துக்கு அரக்குப் பொலிஷ்தான் சரி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறது. கை நோகும், நாள் எடுக்கும். வார்னிஷ் என்றால் மரத்துக்கு மேல் ஒரு தோல் மாதிரிக் கிடக்கும். இது அப்படியில்லை, மரத்துக்குள் இருந்தே மினுங்கும்.

உள்பக்கத்தைப் பற்றி நேரில் கதைப்போம். அது பலகையைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டிய விஷயம்.

குணரத்தினம்


கிண்ணியா
14.02.2024

ஓடாவியார் அவர்களுக்கு,

ஸ்பிரிட் என்றால் சாராயத்தின் சொந்தக்காரன்தானே. தொழுகை உடுப்பும் கல்யாணப் புடவையும் வைக்கப்போகிற பெட்டகத்தில் அதைத் தேய்க்க நான் விட மாட்டேன். நாளைக்கு ஹுஸ்னியா கேட்டால் என்ன பதில் சொல்வது? வார்னிஷ் போதும். உள்ளே இரண்டு பூச்சு, வெளியே இரண்டு பூச்சு. தோல் மாதிரிக் கிடந்தால் கிடக்கட்டும், பளபளத்தால் சரி. இதில் நேரில் வந்து கதைக்க என்ன இருக்கிறது? எனக்குக் கல்யாண வீட்டு வேலை தலைக்கு மேல்.

மற்றது, ஸ்பிரிட்டைப் போத்தல் கணக்கில்தானே வாங்க வேண்டும், மிச்சம் வருமே. அந்த மிச்சத்தை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஊருக்குத் தெரியாதா? பகிடிக்குச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

றஹ்மா


இலங்கைத்துறை
20.02.2024

றஹ்மா அக்கா அவர்களுக்கு,

பெட்டகத்தை முனீப்பின் லொறியில் ஏற்றிவிட்டேன். கீலும் பூட்டும் போட்டிருக்கிறது. பூச்சு ஒன்றும் பூசவில்லை.

நான் குடியை விட்டு எவ்வளவு காலம் என்று உங்களுக்குத் தெரியும். விட்டபோது என் மனுசிக்கு முதலில் நல்ல வார்த்தை சொன்னதே நீங்கள்தான்.

வார்னிஷ் பூசுகிறவர்கள் கிண்ணியாவிலும் இருக்கிறார்கள். உங்கள் பெட்டகம், உங்கள் விருப்பம்.

குணரத்தினம்


இலங்கைத்துறை
30.04.2024

றஹ்மா அக்கா அவர்களுக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்ததென்று முனீப் சொன்னார். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உங்களுக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தனான். நேற்று ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் ஆள் ஒருவர் வந்தார். படகு வேலை எனக்கு இல்லையாம். ஏனென்று கேட்டதற்கு, "பெட்டகத்தப் பாத்தாச்சு, போதும்" என்று என் மனுசியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். முனீப்பைக் கேட்டால் லொறிச் சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறார். சக்கரத்தில் ஒன்றும் இல்லை.

இராகுலன் வருகிற பத்தாம் திகதி வந்து இறங்குகிறான். வேலையையும் விட்டாயிற்று, அறையையும் விட்டாயிற்று. அவனுக்கு நான் என்ன சொல்ல? அந்தப் பெட்டகத்தில் என்ன பிழை, அக்கா?

குணரத்தினம்


கிண்ணியா
04.05.2024

ஓடாவியார் அவர்களுக்கு,

உங்கள் வேலையில் ஒரு பிழையும் இல்லை. பூச்சுத்தான் பிழையாகிவிட்டது.

ஹுஸ்னியா தன்னுடைய கூறைப் புடவையைப் பஸ்மியாவுக்கென்று நோன்புக்கு முன்னமே கொடுத்தனுப்பியிருந்தார். அவருடைய உம்மா நெய்வித்துக் கொடுத்ததாம், பூவும் கொடியுமாகச் சரிகை போட்டது. நான் அதை எல்லாத்துக்கும் மேலே வைத்தேன், திறந்ததும் கண்ணில் படட்டும் என்று. பெட்டகம் நிரம்பிவிட்டது. மூடியில் கையை ஊன்றி அமர்த்தித்தான் பூட்டினேன். பிறகு வெயில் காலம், உங்களுக்குத் தெரியும் என்ன வெக்கை.

கல்யாணத்தன்று மூதூரில் இருந்து ஒரு வான் நிறையப் பெண்கள் வந்தார்கள். ஹுஸ்னியா மூடியைத் தூக்கினார். மூடியோடு சேர்ந்து புடவையும் எழும்பியது. வார்னிஷ் பசை மாதிரிப் பிடித்து, மூடியில் இருந்து புடவை தொங்கியது. ஒருத்தி சிரித்தாள். ஹுஸ்னியா சிரிக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து மெதுவாக இழுத்தும் கிழிந்துதான் வந்தது.

அந்த நேரத்தில் ஆளுக்கொரு கதை கதைத்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஹாஜியார் கோபக்காரர். ஆறட்டும், நான் பார்த்துக் கதைக்கிறேன். நீங்கள் யோசிக்க வேண்டாம். உங்கள் வளவு முருங்கைக்காய் நல்லதென்று முனீப் சொன்னார், இருந்தால் இரண்டு கட்டுக் கொடுத்துவிடுங்கள்.

றஹ்மா


இலங்கைத்துறை
09.05.2024

றஹ்மா அக்கா அவர்களுக்கு,

முருங்கைக்காய் முனீப்பிடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் என்னை யோசிக்க வேண்டாம் என்கிறீர்கள். நான் யோசிக்கத்தான் வேணும்.

சீடர்ப் பலகைக்குள் எண்ணெய் இருக்கிறது. நீங்கள் பென்சில் மணம் என்று எழுதியது அந்த எண்ணெயைத்தான். வெளிக்காற்றுப் படுகிற பக்கம் வார்னிஷ் ஒருமாதிரிக் காய்ந்துவிடும். மூடி வைத்த பெட்டகத்துக்குள் அந்த எண்ணெய் அதைக் காயவிடாது, வெக்கைக்கு இளகிப் பசையாகும். உள்பக்கத்தை வெறும் பலகையாகவே விட வேணும். நேரில் சொல்ல வைத்திருந்தது இதுதான்.

உங்கள் பகிடிக் கடிதம் வந்தபிறகு, பெட்டகத்தை ஏற்றும்போது ஒரு வரி எழுதப் பேனையை எடுத்தனான். 'உள்ளே பூச வேண்டாம்' என்ற ஒரே வரி. எழுதவில்லை. ஒட்டட்டும், அப்போது அந்த மனுசிக்குத் தெரியும் என்று நினைத்தேன். உங்களுடைய ஏதாவது ஒரு சீலை போகும் என்றுதான் நினைத்தேனே தவிர, இன்னொரு பெண்ணின் கூறை என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

நாளைக்கு இராகுலன் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போய், அந்த அம்மாவிடம் பிழை என்னுடையது என்று சொல்லப் போகிறேன். படகுக்காக அல்ல. படகு போனது போனதுதான்.

குணரத்தினம்


கிண்ணியா
10.05.2024

ஓடாவியார் அவர்களுக்கு,

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, முனீப்புக்கு லொறி ஓட்டம் இல்லை. இந்தக் கடிதத்துக்காகவே மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறேன். ஞாயிறு மூதூருக்குப் போக வேண்டாம்.

எனக்கு நினைவில்லை என்று எழுதினேன். எல்லாம் நினைவிருக்கிறது.

கிழிந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு ஹுஸ்னியா கேட்டார்: "இத ஆரு பூசின?" வார்னிஷ் பூசினவன் எங்கள் தெருவில் இருக்கிறவன். ஆளைப் பிடித்தது நான். உள்ளே இன்னும் ஒரு தரம் பூசு என்று பக்கத்தில் நின்றது நான். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாயில் வந்தது இதுதான்: "பெட்டகம் செஞ்ச ஓடாவிதான். நான் வேணாமெண்டுதான் சொன்னன். அந்தாள் கேக்கல்ல."

யோசித்துச் சொன்னதல்ல என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் 'நான் வேணாமெண்டு சொன்னன்' என்ற இரண்டாவது பொய்யை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதை நானாகத்தான் சேர்த்தேன்.

பூசினவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது பஸ்மியா. கல்யாண உடுப்போடு அங்கேதான் இருந்தாள். தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டுத் தருகிறாள், முகம் பார்ப்பதில்லை.

நீங்கள் மூதூருக்குப் போய்ப் பிழை என்னுடையது என்று சொன்னால், என் பொய் உண்மையாகிவிடும். ஹாஜியாரும் பெரிய மனசோடு உங்களை மன்னித்துவிடுவார். எல்லாம் சுகமாக முடிந்துவிடும். அப்படி முடிந்தால் நான் அதோடு நிம்மதியாக இருந்துவிடுவேன், ஓடாவியார். என்னை எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

றஹ்மா


இலங்கைத்துறை
14.05.2024

றஹ்மா அக்கா அவர்களுக்கு,

இராகுலன் வந்துவிட்டான். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, "கிண்ணியாவுக்குப் போவமா அப்பா, நேர கேப்பம்" என்றான். வேண்டாம் என்றேன்.

எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு நான் பதில் சொல்லுவேன். பூசாத வார்னிஷுக்குப் பதில் சொல்ல எனக்கு ஏலாது. மூதூருக்கு நான் போகவில்லை. நீங்கள் போவீர்களா என்பது உங்கள் விஷயம்.

இனி முனீப்பிடம் கடிதம் கொடுத்துவிட வேண்டாம். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க ஏலாமல் நிற்கிறார், பாவம்.

குணரத்தினம்


கிண்ணியா
27.05.2024

ஓடாவியார் அவர்களுக்கு,

முனீப்பிடம் கொடுக்கவில்லை, முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன். திருப்பி அனுப்பினால் தபால்காரருக்கு வீண் அலைச்சல். ஆகவே வாசித்துவிடுங்கள்.

மூதூருக்குப் போனேன். உடனே போகவில்லை. ஒரு நாள் முழங்கால் வலி, ஒரு நாள் மழைக்குணம், இப்படி எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மாப்பிள்ளை பெண்ணுக்கு ஹுஸ்னியா வீட்டில் விருந்து வைத்தார்கள். அன்றைக்கு வானில் வந்த அதே பெண்கள் அங்கேயும் வருவார்கள் என்று தெரிந்ததும், இனிக் காரணம் இல்லை என்று வெளிக்கிட்டேன்.

எல்லாரும் பாயில் அமர்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்: "ஹுஸ்னியா, அண்டைக்கு நான் சொன்னது பொய். ஓடாவி பூசல்ல. நாந்தான் ஆள் புடிச்சுப் பூசினன். அவர் சொல்ல வந்தத நான் சொல்ல விடல்ல."

"முதல்ல இருந்து ஒரு வாய் சாப்பிடுங்க சம்மந்தி," என்றார் ஹுஸ்னியா.

"சாப்பிட்டா மிச்சத்தச் சொல்ல மாட்டன்."

மூலையில் இருந்த ஒரு வயசாளி கரண்டியை நக்கிக்கொண்டு, "இத போன்ல சொல்லியிருக்கலாமே புள்ள," என்றார்.

"பொய்ய உங்க எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னன் மாமி," என்றேன். "இத மட்டும் எப்பிடிப் போன்ல சொல்ற?"

ஹுஸ்னியா எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "புடவ என்ட. அத நான் பொறுத்துக்குவன்," என்றார். "அந்த மனுசன்ட வேலையப் பறிச்சீங்களே, அது ஆருட?"

அவரே உள்ளே போய் ஹாஜியாரைக் கூட்டி வந்தார். நான் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். நீங்கள் எழுதாமல் விட்ட வரியைப் பற்றிச் சொல்லவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் இடையில் உள்ளது. ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "வேற ஆளோட கதைச்சிட்டன். ஆனா இன்னம் முடிவாகல்ல," என்றார். "நானே போய் அவர்ட வேலையப் பாக்குறன். உங்கட சொல்லுக்காக இல்ல. உங்கட சொல்லத்தான் ரெண்டு தரம் கேட்டாச்சே."

அந்தப் பேச்சுக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் உங்கள் வேலைக் கொட்டிலுக்கு வந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. முனீப்பிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, உடைந்த கண்ணாடித் துண்டொன்றை எடுத்துப் பெட்டகத்தின் உள்பக்கத்தைச் சுரண்டத் தொடங்கினேன். வார்னிஷ் பாகு மாதிரிச் சுருண்டு வந்தது. அடுத்த நாள் பஸ்மியாவும் பேசாமல் பக்கத்தில் வந்து இருந்து இன்னொரு துண்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் போக, "உம்மும்மா, கையைப் பாத்து," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளாக என்னோடு கதைத்த முதல் கதை அது.

அடியும் நாலு பக்கமும் முடிந்துவிட்டது. பென்சில் மணம் திரும்ப வருகிறது. மூடியின் உள்பக்கம்தான் மிச்சம். ஹுஸ்னியாவின் கூறையில் இருந்த பூவும் கொடியும் அந்த வார்னிஷில் அச்சடித்த மாதிரிப் பதிந்து கிடக்கின்றன, இரண்டு மூன்று சரிகை நூலும் உள்ளே. இப்போது வெளியும் உள்ளும் என்ன பூச வேண்டும், எதைப் பூசக் கூடாது என்று நீங்களே சொல்லுங்கள். நான் இனி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அந்த ஸ்பிரிட் விஷயத்தைப் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுப் பார்த்தேன். "பெட்டகம் குடிக்கப் போகுதா உம்மா?" என்று கேட்டார்.

நான் அந்தக் கடிதத்தில் எழுதியது பகிடி அல்ல. என் சொல்லுக்கு நீங்கள் மறுசொல் சொன்னீர்கள் என்று கோபம். எங்கே குத்தினால் நோகும் என்று தெரிந்துதான் குத்தினேன்.

றஹ்மா


இலங்கைத்துறை
05.06.2024

றஹ்மா அக்கா அவர்களுக்கு,

ஹாஜியார் வந்தார். பெட்டகத்தைப் பற்றி ஒரு கதையும் இல்லை. வேறொருவருக்காக நான் கட்டி, முற்றத்தில் பாதியில் நிற்கிற படகைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு பலகைச் சந்தாக விரலால் தடவினார். மாரி மழைக்கு முன் தன் படகை முடிக்க ஏலுமா என்று இராகுலனைக் கேட்டார். ஏலும் என்று அவன் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை அவருடைய படகுக்கு மரம் வருகிறது.

அவர் வெளிக்கிடும்போது, உள்பக்கத்தைப் பற்றித் தெரிந்தும் நான் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். ஹுஸ்னியா அம்மாவிடமும் சொல்லும்படி கேட்டேன். நீங்கள் மறைத்தது என் நன்மைக்குத்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எனக்குப் படகு கட்ட ஏலாது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். பெட்டகம் வேறு விஷயம்.

உள்ளே ஒன்றும் பூச வேண்டாம். வெளி வார்னிஷை நான் வந்து எடுத்துவிட்டு அரக்குப் பொலிஷ் ஏற்றுகிறேன். ஸ்பிரிட்டும் அரக்கும் கொண்டு வருவேன். மூடியின் உள்பக்கத்தை ஒரு தரம் சீவுளி போட்டால் போதும், புடவை ஒட்டிய அடையாளமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்றால் முனீப்பிடம் சொல்லிவிடுங்கள். கடிதமும் அவரிடம் கொடுக்கலாம்.

குணரத்தினம்


கிண்ணியா
07.06.2024

ஓடாவியார் அவர்களுக்கு,

ஞாயிறு வாருங்கள். இராகுலனையும் கூட்டி வாருங்கள், கேட்க வேண்டியதை அவர் நேரே கேட்கட்டும்.

மூடியை மட்டும் சீவ வேண்டாம். இனிப் பெட்டகத்தை அரைவாசிதான் நிரப்புவோம், துணி மூடியைத் தொடாது. பஸ்மியாவின் வீட்டுக்கு வருகிறவர்கள் திறந்து பார்ப்பார்கள், இது என்ன பூ என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் வீட்டில்தானே இருக்கிறேன், நானே சொல்கிறேன்.

அரக்கை மட்டும் கொண்டு வந்தால் போதும். ஸ்பிரிட் நானே கடைக்குப் போய் வாங்கிவிட்டேன். கடைக்கார நிப்றாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆருக்கு உம்மா?" என்றான். "எனக்குத்தான்," என்றேன். குசினி அலுமாரியில் தேன் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சின்னப் போத்தல் கடையில் இல்லை. பெரியதுதான் கிடைத்தது, மிச்சம் வரும். அதை நீங்களே கொண்டு போங்கள். என்ன செய்வீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

றஹ்மா